டென்ஷன் ஆனா 'கொஞ்சம் நடங்க'ன்னு ஏன் சொல்றாங்க? உடம்புக்குள் நடப்பது இதுதான்!

காந்திபுரம் டிராஃபிக், ஆபீஸ் டார்கெட், மாசம் பொறந்தா இ.எம்.ஐ... காரணம் எதுவாக இருந்தாலும், டென்ஷன் என்றதும் டாக்டர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை சொல்வது, "கொஞ்சம் நடங்க". மனசுல இருக்கிற பிரச்னைக்கு கால் எதுக்கு நடக்கணும்? பார்க்கலாம்.

டென்ஷனில் உடம்பு என்ன செய்கிறது?

ஆபத்து என்று மூளை நினைத்ததும், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசோல் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. கல்லீரல், சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் கலக்கிறது. தசைகள் இறுகுகின்றன. எல்லாமே எதிர்த்து நிற்க, அல்லது தப்பி ஓட!

பாம்பைப் பார்த்தால் ஓடலாம். கடன் கேட்டு போன் வந்தா எங்கே ஓடறது? உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறோம். ஓடத் தயாரான உடம்பு ஓடவே இல்லை. இது தினமும் தொடர்ந்தால் தூக்கம் கெடும், பி.பி., சுகர், இதய நோய் அபாயமும் கூடும்.

நடந்தால் என்ன மாறும்?

* வேலை செய்யும் தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன.
* நடந்து முடித்து ஓய்வெடுக்கும்போது, உடலை அமைதிப்படுத்தும் நரம்புகள் இதயத் துடிப்பைக் குறைக்கின்றன.
* தொடர்ந்து செய்தால் இரவுத் தூக்கம் மேம்படும்.

உண்மையில் உடற்பயிற்சியும் உடம்புக்கு ஒரு ஸ்ட்ரெஸ்தான். ஆனால் அது ஏறி, பிறகு இறங்கிவிடும். தொடர்ந்து பயிற்சி செய்பவர்களின் இதயம் பழைய நிலைக்குச் சீக்கிரம் திரும்புகிறது.

நாள் பூரா நின்னு வேலை செய்றோமே, அது போதாதுங்களா?

சோமனூர் விசைத்தறியிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் வேலை செய்பவர்களுக்கு இது நியாயமான கேள்வி. ஆனால் வேலை நேர உழைப்பு, ஓய்வு நேர உடற்பயிற்சி தரும் பலனைத் தருவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது, மணிக்கணக்கில் நிற்கும்போது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்க நேரம் கிடைப்பதில்லை என்பது. உடற்பயிற்சியில் நினைத்த நேரத்தில் நிறுத்தலாம், ஷிப்ட்டில் முடியாது. எனவே இவர்களுக்கு முதலில் தேவை ஓய்வும் தூக்கமும். உடம்பு தெளிந்த பிறகு 10 நிமிட நடையில் தொடங்கலாம்.

எவ்வளவு செய்யணும்?

உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. அதாவது தினமும் 30 நிமிடம், வாரம் 5 நாள். வேகம் சரியா என்று பார்க்க ஈஸியான வழி: நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது.

கோவையில் ரேஸ்கோர்ஸ் நடைபாதையை ஒரு சுற்று சுற்றினால் சுமார் 2.5 கி.மீ. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளிலும் நடக்கலாம். தனியா நடக்க போரடிக்குதா? கொங்கு ஊர்களின் வள்ளி கும்மியும் நல்ல உடற்பயிற்சிதான். இந்தக் கலையைச் சொல்லிக்கொடுத்துவரும் கோவை மாவட்டத்தின் பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87!

இதையும் கவனிங்க

* இதய நோய், கட்டுப்படாத பி.பி. இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.
* நடக்கும்போது நெஞ்சு வலி, மயக்கம், அதிக மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
* நடந்தால் கடன் அடையாது, டார்கெட் குறையாது. அதைச் சமாளிக்கும் தெம்புதான் கிடைக்கும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் நடை மட்டும் போதாது. மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.