புதிய படகும் நம் பொறுப்பும்



கல்லாவி, ஊத்தங்கரைப் பகுதிகளில் வாழும் நமக்குப் புது வண்டி எடுப்பது பழக்கமான காரியம். இருசக்கர வாகனமோ டிராக்டரோ வீட்டுக்கு வந்தவுடன் கோவிலுக்குக் கொண்டுசென்று மந்திரிக்கச் சொல்கிறோம். கடற்கரையில் வாழும் நம் சகோதரர்களும் புதுப் படகு எடுக்கும்போது அவ்வாறே செய்கிறார்கள். திருச்சபையின் ஆசி நூலிலும் படகுக்கும் மீன்பிடிக் கருவிகளுக்கும் உரிய மன்றாட்டுகள் உள்ளன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வண்டி பழுதானால் சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்து வந்துவிடலாம். நடுக்கடலில் படகு பழுதானால் நடந்து வர வழியில்லை. எனவே ஒரு புதுப் படகைப் பெற்றுக்கொள்வது எப்படிப்பட்ட பொறுப்பு என்று சற்றுச் சிந்திப்போம்.

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே” என்பது நம் ஊர்ப் பழமொழி. மாட்டுக்கு இது பொருந்தலாம், படகுக்குப் பொருந்தாது. இதை நமக்கு உணர்த்தியது 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான படகுகள் உடைந்தன. அரசும், தொண்டு நிறுவனங்களும், மறைமாவட்டச் சமூகப் பணி அமைப்புகளும் புதிய ஃபைபர் படகுகளை வழங்கின. அந்த உதவியால் பல குடும்பங்கள் மீண்டும் தொழிலுக்குச் சென்றன.

ஆயினும் அவசரம் சில குறைகளையும் கொண்டுவந்தது. ஒரே நேரத்தில் ஏராளமான படகுகள் தேவைப்பட்டதால், போதிய அனுபவம் இல்லாதவர்களும் படகு கட்டத் தொடங்கினர். தரம் குறைந்த படகுகளும் கரைக்கு வந்து சேர்ந்தன. சில ஊர்களில் பேரலைக்கு முன் இருந்ததைவிட அதிகமான படகுகள் வந்துவிட்டன. அவற்றில் செல்லப் போதிய ஆட்கள் இல்லை. சாவி கொடுக்கும் விழா நல்லபடியாக முடிந்தது. படகின் குறையோ கடலில்தான் தெரிந்தது.

அப்படியானால் புதுப் படகில் எதைப் பார்க்க வேண்டும்? ஃபைபர் படகு ஓர் அச்சின் மேல் கண்ணாடி இழை விரிப்புகளைப் பரப்பி, பிசின் தடவி, அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது. அடுக்குகள் குறைந்தாலோ இடையில் காற்று தங்கினாலோ வெளியே பூசிய வண்ணம் அதை மறைத்துவிடும். ஆகவே அனுபவமுள்ள மீனவர் உடலெங்கும் தட்டிப் பார்க்கிறார். ஓசை ஓரிடத்தில் மாறினால் அங்கே சந்தேகப்படுகிறார். மணலில் இழுத்து ஏற்றும் படகு என்றால் அடிப்பகுதி தேயும். எனவே அங்கே கூடுதல் கனம் வேண்டும். இன்ஜினைத் தாங்கும் பின்பலகை உறுதியாக இருக்க வேண்டும். அதன் உயரமும் இன்ஜின் தண்டின் நீளமும் பொருந்த வேண்டும். தண்ணீர் புகுந்தாலும் படகு மூழ்கிவிடாதபடி மிதவை அறைகள் இருக்கின்றனவா என்பதும் முக்கியம்.

பிறகு வெள்ளோட்டம். கரைக்கு அருகே சில மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். புது இன்ஜினைத் தொடக்கத்திலேயே முழு வேகத்தில் விரட்டக் கூடாது. உப்புநீரில் ஓடிய இன்ஜினை நன்னீரால் கழுவும் பழக்கமும் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 1983-ன்படி படகைப் பதிவு செய்வதும், ஆளுக்கொரு உயிர்காப்பு மேலாடை வைப்பதும், ஆழ்கடலுக்குச் செல்பவர்கள் தகவல் தொடர்புக் கருவி வைப்பதும் அவசியம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. அந்த வேதனையை மறக்க முடியாது.

கொடுப்பவர் பெறுபவரைக் கேட்டுச் செய்தால் இக்குறைகள் பல நீங்கும். பெல்ஜியத்திலிருந்து வந்த இயேசு சபைக் குரு பியேர் ஜில்லே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் அரிதாகி வந்த காலத்தில், அவர் குமரி மாவட்டம் முட்டத்தில் மீனவர்களோடு தங்கி, பிளைவுட் பலகையில் சிறு படகுகள் செய்ய முயன்றார். அந்தப் பணி எளிதாக நடக்கவில்லை. அலையை அறிந்த மீனவரின் அனுபவமும் கைவினைஞரின் திறமையும் அதற்குத் தேவைப்பட்டன.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: படகின் கடன். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் படகு எடுத்தவர், பிடித்த மீனை அவரிடமே கொடுக்க வேண்டிய நிலைக்கு ஆளாகிறார். விலை சொல்லும் உரிமையையும் இழக்கிறார். திருவனந்தபுரம் மறைமாவட்டம் உருவாக்கிய மரியநாடு கிராமத்தில் மீனவர்கள் சங்கமாகச் சேர்ந்து, தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட்டு இதற்கு வழி கண்டார்கள். கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று இயேசு கூறியது (லூக்கா 14) படகுக்கும் பொருந்தும்.

கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் நமக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2024 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியதையும், சாலையில் நின்ற வாகனங்களை வெள்ளம் இழுத்துச் சென்றதையும் கண்டோம். அதே நாட்களில் தென்பெண்ணை ஆற்றின் கீழ்ப்பகுதியில், விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில், மக்களைப் படகுகளில் மீட்க வேண்டியதாயிற்று. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரள மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். மீனுக்காக வாங்கிய படகு மனிதரைக் கரை சேர்த்தது. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறும்போது உயிர்காப்பு மேலாடை எதற்கு என்று சலித்துக்கொள்ளும் நாமும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் பங்குகளிலும் ஏழைக் குடும்பங்களுக்குத் தையல் இயந்திரமும் கறவை மாடும் வழங்குகிறோம். கொடுக்கும் முன் அவர்களின் தேவையைக் கேட்கிறோமா? தரத்தைச் சோதிக்கிறோமா? ஆறு மாதம் கழித்துப் போய், அது இயங்குகிறதா என்று பார்க்கிறோமா? சீமோனின் படகில் ஏறி அமர்ந்த ஆண்டவர் (லூக்கா 5) உழைப்பவரின் கருவியை மதித்தார். நாமும் மதிப்போம். மந்திரிப்பதற்கு முன் சோதிப்போம். கொடுத்த பின்பும் உடனிருப்போம்.