“ஏர்கோன் வேலைதானே?”

விரிவுரை மண்டபத்தில் குளிர் தாங்காமல் கைகளைக் கட்டிக்கொண்டு பாடம் கேட்காத மாணவர் நம்மில் இருக்க மாட்டார். அதே நேரம் பக்கத்து அறையில் வேர்த்துக் கொட்டும். “ஏர்கோன் சரியில்லை” என்று சொல்லிவிட்டு நாம் போய்விடுவோம். அதைச் சரிசெய்ய வருபவரின் தொழிலைப் பற்றியதே இக்கட்டுரை.

என் சொந்த ஊர் புலாவ் செபாங். மலாக்கா மாநில எல்லையில், தம்பின் பட்டணத்தை ஒட்டியுள்ள ஊர். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்துப் பல்கலைக்கழக இடத்துக்குக் காத்திருந்த மாதங்களில், பெரியம்மா மகன் அண்ணனுக்கு உதவியாளாகப் போனேன். அவர் அலுவலகக் கட்டடங்களின் மின்னணுக் குளிர்க்கட்டுப்பாட்டு முறையைப் பராமரிக்கும் தொழில்நுட்பர். “படிப்பு ஏறல, ஏர்கோன் வேலைக்குப் போயிட்டான்” என்று உறவினர்கள் பேசுவார்கள். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கட்டடத்தின் கண்ணும் மூளையும்

எங்கள் தாத்தா தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை செய்தவர். சூடு மிஞ்சினால் ஷீட்டில் கொப்புளம் விழும், குறைந்தால் காயாது. வெப்பமானியைப் பார்ப்பார், யோசிப்பார், விறகை இழுப்பார் அல்லது காற்றுத் துவாரத்தைத் திறப்பார். கண், மூளை, கை மூன்றும் அவரே.

பெரிய கட்டடத்தில் இம்மூன்றும் தனித்தனிக் கருவிகள். ‘சில்லர்’ எனும் இயந்திரம் தண்ணீரை ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் குளிர வைக்கிறது. அந்நீர் குழாய் வழியே ஒவ்வொரு மாடிக்கும் போகிறது. அங்குள்ள விசிறி, குளிர்ந்த சுருள்குழாயின் மீது காற்றை ஊதி அறைக்குள் அனுப்புகிறது. அறையின் சூட்டை அளக்கும் சென்சார் கண்; கணக்குப் போடும் கன்ட்ரோலர் மூளை; குளிர்நீர் வால்வைத் திறந்து மூடும் சிறு மோட்டார் கை.

இந்தச் சிந்தனை பழையது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன், வகுப்பறைகளின் சூட்டைப் பார்க்கப் பணியாளர் அடிக்கடி உள்ளே வந்துபோவதைத் தவிர்க்க ஒரு மின்கருவியை உருவாக்கி, 1883-இல் காப்புரிமை பெற்றார். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ‘பேக்நெட்’ எனும் பொதுமொழி 1995-இல் வெளியானது.

எண் சொல்வது உண்மையா?

ஓர் அலுவலகத்தில் எல்லாரும் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். கணினித் திரையிலோ அந்த அறை 28 பாகை என்று காட்டியது. கட்டளை எண்ணைக் கூட்டிவிடலாம் என்றேன். அண்ணன் சிரித்தார். “எண்ணை மாத்துறது சுலபம் தம்பி. அது உண்மையச் சொல்லுதான்னு முதல்ல பாரு.” போய்ப் பார்த்தோம். யாரோ நகல் இயந்திரத்தைச் சென்சாருக்குக் கீழே நகர்த்தி வைத்திருந்தார்கள். அதன் சூட்டை அறையின் சூடு என்று நம்பி, கன்ட்ரோலர் வால்வை முழுதாகத் திறந்துவிட்டிருந்தது. இயந்திரத்தை நகர்த்தினோம். ஒரு பொருளும் வாங்கவில்லை.

இன்னொரு நாள் தவறு என்னுடையது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வால்வைச் சோதிக்க அதைத் தானியங்கி நிலையிலிருந்து கைநிலைக்கு மாற்றி முழுதாகத் திறந்தேன். திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். வாரயிறுதியிலும் இயங்கும் தளம் அது. திங்கட்கிழமை கதவுகள் திறந்ததும் வெளியிலிருந்து ஈரக்காற்று புகுந்து, கூரையின் குளிர்ந்த காற்றுத் துவாரங்களில் நீராகி, கீழிருந்த கோப்புகளின் மேல் சொட்டியது. புகார் அண்ணன் பெயரில் போனது. அவர் என் பெயரைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து கைநிலைக்கு மாற்றும் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, திரும்ப மாற்றிய பிறகே கோடு போடுகிறேன்.

குளிர் மட்டுமல்ல

2014-ஆம் ஆண்டின் எம்.எஸ். 1525 தரநிலை, நம் நாட்டுக் கட்டடங்களுக்கு 24 முதல் 26 பாகையைப் பரிந்துரைத்தது. உட்புறக் காற்றின் தரத்துக்கான 2010-ஆம் ஆண்டு வழிகாட்டி, கரியமில வாயு பத்து லட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. பிற்பகல் வகுப்பில் தூக்கம் வர, புதுக்காற்று போதாததும் ஒரு காரணமாக இருக்கலாம். புத்ராஜெயாவில் 2010-இல் திறக்கப்பட்ட எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடத்தில், கான்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய்களில் இரவில் குளிர்நீர் ஓடும்; தளத்தில் சேர்ந்த குளிர்ச்சி பகலில் பயன்படும். இத்தகைய ஏற்பாடுகள் ஒழுங்காக இயங்குவது, தொழில்நுட்பர் வால்வையும் சென்சாரையும் சரிபார்ப்பதைப் பொறுத்தது.

இத்துறைக்கு மலேசியத் திறன் சான்றிதழ் (எஸ்.கே.எம்.) வழியே வரலாம். மூன்றாம் நிலைக்குப் பிறகு நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா உண்டு. மின்சாரம், குளிர்பதனம், கணினி வலையமைப்பு மூன்றும் ஓரளவேனும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது நான் பொறியியல் படிக்கிறேன். கட்டுப்பாட்டுவியல் பாடத்தில் விரிவுரையாளர் அந்தச் சுற்றைப் பலகையில் வரைந்தபோது, நண்பர்கள் சூத்திரத்தை எழுதினார்கள். எனக்குத் தாத்தாவின் கொட்டகையும் அண்ணனின் ஏணியும் நினைவுக்கு வந்தன. தோட்டப்புறப் பள்ளிகளுக்கு வழிகாட்டிப் பட்டறை நடத்தப் போகும் நண்பர்களே, முன்னாள் மாணவர்களே, பட்டப்படிப்புகளைப் பட்டியலிடும்போது இந்தத் தொழிலையும் சேர்த்துச் சொல்லுங்கள். “ஏர்கோன் வேலைதானே?” என்று ஒருவர் கேட்டால், ஆமாம் என்று சொல்லி, அந்த வேலை என்னவென்று விளக்குங்கள். நான் என் உறவினர்களுக்கு விளக்கத் தொடங்கிவிட்டேன்; அந்தக் கோப்புகள் நனைந்தது யாரால் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.