முகம் காணா மாணவர். மேடை காணா ஆசிரியர்

ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ஆம் நாள் நம் நாட்டில் ஆசிரியப் பெருமக்களுக்கு மாலை விழுகின்ற நாள். நல்லாசிரியர் விருது பெற்றோரின் படங்கள் மறுநாள் நாளேடுகளை அலங்கரிக்கின்றன. அவர்கள் பணியாற்றும் ஊர்களில் வாழ்த்துச் சுவரொட்டிகளும் எழுகின்றன. மகிழத்தக்க காட்சிதான். எனினும் அப்படங்களைக் காணுந்தோறும் என் நெஞ்சில் ஒரு சிவப்பு மையெழுத்து வந்து நிற்கின்றது. அதை எழுதியவருக்கு எவரும் மாலை அணிவித்ததில்லை. அணிவிக்க வேண்டுமென்று விரும்பினாலும் அவர் யாரென்று எமக்குத் தெரியாது.

எங்கள் மத்ரஸாவில் ஒரு பிள்ளை இருந்தான். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டுவந்து, திருக்குர்ஆனை முழுமையாக மனனம் செய்து முடித்தவன். ஹிஃப்ழு முடிந்தபோது வயது பதினேழு. அவனுடைய வாப்பா வெளிநாட்டில் கூலி வேலை செய்பவர். "ஹஜ்ரத், இவன் பத்தாவதாவது பாஸ் பண்ண வழியுண்டா?" என்று தொலைபேசியில் கேட்டார். வழி இருந்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்தோம். பாடநூல்கள் வந்தன. படித்து, விடையெழுதி, ஆய்வு மையத்துக்கு அனுப்ப வேண்டிய ஒப்படைப்புகளும் இருந்தன. சமூக அறிவியலில் பருவக்காற்றைப் பற்றிய ஒரு வினாவுக்கு அவன் நான்கு பக்கம் எழுதி அனுப்பினான். சில வாரங்கள் கழித்து அத்தாள் திரும்பி வந்தது. அதன் ஓரத்தில் சிவப்பு மையில் இவ்வாறு எழுதப்பட்டிருந்தது: "உனக்குச் செய்தி தெரிகிறது. ஆனால் கேட்ட கேள்விக்கு விடை நான்காம் பக்கத்தில்தான் வருகிறது. முதல் வரியில் விடையைச் சொல். பிறகு காரணத்தைச் சொல். மீண்டும் எழுதி அனுப்பு." கீழே இரண்டெழுத்துச் சுருக்கொப்பம்.

மீண்டும் எழுதினான். மறுபடியும் சிவப்பு மை. மூன்றாம் முறைதான் "நன்று" என்ற சொல் வந்தது.

உஸ்தாதின் எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்க அமர்ந்து, உதட்டசைவைப் பார்த்துப் பார்த்து ஓதிப் பழகிய பிள்ளை அவன். ஓர் எழுத்தின் உச்சரிப்பு பிசகினால் உஸ்தாதின் புருவமே அவனைத் திருத்திவிடும். அத்தகையவன், முகமே காணாத ஓர் ஆசிரியரிடம் எழுதக் கற்றுக்கொண்டான். இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அன்றுதான் நான் சிந்திக்கத் தொடங்கினேன்.

முன்பே இருந்த வழி

தொலைவிலிருந்து கற்பித்தல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. நம் ஹதீஸ் கலை அறிஞர்கள், அறிவிப்பைப் பெறும் முறைகளை வகைப்படுத்தியபோது, ஆசிரியரின் வாயிலிருந்து நேரே கேட்பதை உயர்ந்த நிலையில் வைத்தார்கள். ஆனால் ஆசிரியர் தம் அறிவிப்புகளை எழுதித் தொலைவிலுள்ள மாணவருக்கு அனுப்பும் 'முகாதபா' என்ற முறையையும் அவர்கள் ஏற்றிருந்தார்கள். அதற்குரிய நிபந்தனைகளையும் விவாதித்தார்கள். அனுப்பியவரின் கையெழுத்துத்தான் என்று பெறுபவர் அறிந்திருக்க வேண்டுமே! அந்தக் கவலை இன்றைய இணையத் தேர்வுகள் வரை தொடர்கின்றது.

பள்ளிச் சிறார்களுக்கான அஞ்சல்வழிக் கல்வியை எடுத்துக்கொண்டால், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள கால்வெர்ட் பள்ளி 1906-இல் வீட்டுக்குப் பாடம் அனுப்பத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1914-இல் தொடங்கியது. நியூசிலாந்து 1922-இல், ஒரே ஓர் ஆசிரியையைக் கொண்டு இப்பணியைத் தொடங்கியது. கலங்கரை விளக்கங்களிலும் மலையோரப் பண்ணைகளிலும் வாழ்ந்த குழந்தைகளுக்குக் கடிதமே வகுப்பறையாயிற்று. 1948-இல் இளம்பிள்ளைவாத நோய் பரவி அந்நாட்டுப் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, வீட்டிலிருந்த மற்றப் பிள்ளைகளுக்கும் இந்த அஞ்சல்வழிப் பள்ளியின் பாடங்களே கை கொடுத்தன. 2020-இல் நாம் கண்ட காட்சியை அவர்கள் எழுபதாண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டார்கள்.

எனினும் இத்துறையில் என் உள்ளத்தைக் கவர்ந்தது ஆஸ்திரேலியாவின் நடுப்பாலை நிலத்திலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்து வானொலிப் பள்ளிதான். அதன் எல்லை ஏறத்தாழ 13 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் பரப்பு 1 லட்சத்து 30 ஆயிரம். அதாவது பத்துத் தமிழ்நாடு அளவுள்ள ஒரு வகுப்பறை! அங்கே மாட்டுப் பண்ணைகளில் வாழும் குடும்பங்களுக்கு அடுத்த வீடு என்பதே பல மைல்களுக்கு அப்பால். நோயுற்றால் பறக்கும் மருத்துவரை அழைப்பதற்காக, ஆல்பிரட் டிரேகர் என்பவர் 1929-இல், மிதிவண்டியைப் போல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கிப் பேசும் வானொலிக் கருவியை உருவாக்கியிருந்தார். அவ்வாறு எழுந்த வானொலி வலையமைப்பில் மருத்துவரை மட்டுமா அழைத்தார்கள்? பெண்கள் ஒருவரோடொருவர் நலம் விசாரித்துக் கொண்டார்கள்.

அடிலெய்டு மீத்கே என்ற அம்மையார் பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றியவர். பின்னர் பறக்கும் மருத்துவச் சேவையின் நிர்வாகத்தில் இருந்தவர். அவர் 1940-களில் அப்பகுதிக்குச் சென்றபோது, அந்நியரைக் கண்டு கூச்சப்பட்டு ஒதுங்கும் பிள்ளைகளைக் கண்டார். தாய்மார்கள் பேசிக்கொள்ளும் அதே வானொலியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினால் என்ன என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. 1951 ஜூன் 8-ஆம் நாள் பள்ளி முறையாகத் திறக்கப்பட்டது. முதலில் ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் கேட்பார்கள், அவ்வளவே. விரைவிலேயே கேள்வி நேரம் சேர்க்கப்பட்டது. எனக்கு இந்தக் கேள்வி நேரந்தான் பெரிதாகப் படுகின்றது. இருநூறு மைலுக்கு அப்பாலிருக்கும் ஒரு சிறுமியின் பெயரைச் சொல்லி ஆசிரியை அழைக்க, இரைச்சலினூடே ஒரு மெல்லிய குரல் பதிலளிக்கிறது. அந்தக் கணத்தில் பாலைவனம் சுருங்கிவிடுகிறதல்லவா?

2000-ஆம் ஆண்டுகளில் வானொலி விடைபெற்றுச் செயற்கைக்கோள் வழி இணையம் வந்தது. ஆனால் ஆசிரியர்கள் ஆண்டில் சில நாள்கள் வாகனத்தில் புறப்பட்டுப் பிள்ளைகளின் வீடுகளுக்கே செல்வதும், பிள்ளைகள் நகருக்கு வந்து ஒரு வாரம் ஒன்றாகப் படிப்பதும் தொடர்ந்தன. கருவி எத்தனை மாறினாலும், முகம் பார்க்கும் தேவை மாறவில்லை.

மீத்கே அம்மையாருக்கு 1937-இலேயே பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருது கிடைத்திருந்தது. ஆனால் அவ்விருது வந்து 14 ஆண்டுகள் கழித்தே வானொலிப் பள்ளி பிறந்தது. எந்தப் பணிக்காக உலகம் இன்று அவரை நினைக்கின்றதோ, அப்பணி அவ்விருதின் கணக்கில் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பள்ளியின் பாடங்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் துணையோடுதான் நடந்தன. பெரும்பாலும் அவர் தாய். காலையில் அடுப்பையும் மாலையில் கணக்குப் பாடத்தையும் சேர்த்துச் சுமந்த அந்தத் தாய்மார்களை எந்த விருதுப் பட்டியலில் தேடுவது?

எதை அளந்து விருது?

தொலைவிலிருந்து பள்ளிப் பாடம் கற்பிப்போருக்கெனவே தனி விருது ஒன்று அமெரிக்காவில் 2010-இல் தொடங்கப்பட்டது. தென்மாநிலங்களின் கல்வி வாரியமும், இணையவழிப் பள்ளிக் கல்விக்கான ஒரு சர்வதேசச் சங்கமும் இணைந்து, 'ஆண்டின் சிறந்த இணையவழி ஆசிரியர்' என ஒருவரைத் தேசிய அளவில் தேர்ந்தெடுத்தன. முதல் ஆண்டு அப்பெருமை பெற்றவர் ஃபுளோரிடா இணையப் பள்ளியின் கணித ஆசிரியை தெரசா டவ். மறு ஆண்டு கொலராடோ மாநிலத்து ஆங்கில ஆசிரியை கிறிஸ்டின் கிப்.

சபாஷ் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் ஒரு வினா எழுகின்றது. வகுப்பறை ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க ஆய்வாளர் பின்வரிசையில் அமர்ந்து பார்க்கலாம். பின்வரிசையே இல்லாத வகுப்பில் எதைப் பார்ப்பது? இதற்கான விடையை அந்தக் கல்வி வாரியம் விருதுக்கு முன்பே, 2006-இல் வெளியிட்ட தர வரையறையில் எழுதி வைத்திருந்தது. மாணவருக்கு விரைவாக மறுமொழி தருகிறாரா? எதிர்பார்ப்பைத் தெளிவாகச் சொல்கிறாரா? மாணவர்கள் ஒருவரோடொருவர் பேச வழி செய்கிறாரா? இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. இணையவழி ஆசிரியர், தாமே ஒரு மாணவராக அவ்வழியில் கற்ற அனுபவம் உடையவராக இருக்க வேண்டும்.

இதைப் படித்தபோது நான் சற்று நேரம் பேசாதிருந்தேன். நான் வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்றது அஞ்சல்வழியில்தான். மூன்றாண்டுகளில் நான் எழுதியனுப்பிய ஒரு தாளேனும் ஒரு வரிக் குறிப்போடு திரும்பி வந்ததில்லை. மதிப்பெண் வந்தது, சான்றிதழ் வந்தது, மனிதர் எவரும் வரவில்லை. அத்துயரை அறிந்தவர்தான் பிறருடைய தாளின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதுவார் போலும்.

ஃபுளோரிடா பள்ளி 1997-இல் தொடங்கியது. அங்கே ஆசிரியர் மாதந்தோறும் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவது வழக்கமாயிற்று. ஒரு பகுதி முடிந்ததும் மாணவரை அழைத்து வாய்மொழியாகவும் வினவுவார்கள். விடை மாணவனுடையதா, மற்றவருடையதா என்பது இரண்டு நிமிடப் பேச்சில் வெளிப்பட்டுவிடும். மாணவரை வாயால் சொல்லச் சொல்லிச் சோதிக்கும் நம் மத்ரஸா முறைக்கு இது எவ்வளவு அருகில் வருகிறது!

ஆயினும் ஓர் எச்சரிக்கையையும் கூறாமல் விடலாகாது. அப்பள்ளிக்கு அரசு நிதி, மாணவர் பாடத்தை வெற்றியாக முடித்தால் மட்டுமே கிடைக்கும் என்ற விதி ஏற்பட்டது. வருகைப் பதிவை மட்டும் பார்த்துப் பணம் தருவதைவிட இது நேர்மையானது என்பார்கள். மெய்தான். ஆனால் முடித்தவர்களின் எண்ணிக்கையே பணமாகும்போது, முடித்துவைக்கும் ஆசை பிறக்காதா? எண்ணிக்கையை நம்பி விருதளிக்க முற்படுவோர் இதை மறந்துவிடக் கூடாது. மூன்று முறை திருப்பி எழுதச் சொன்ன ஆசிரியரின் கணக்கில், முடித்தவர்கள் ஒருவேளை குறைவாகவே இருக்கலாம்.

நம் நாட்டில்

நம் நாட்டில் 1979-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989-இல் தனி நிறுவனமாகி, 2002-இல் இன்றைய பெயரைப் பெற்றது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். பதினான்கு வயது நிரம்பியவர் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்தாண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் சிறிது சிறிதாகத் தேறலாம். அரபு மொழியும் ஒரு பாடமாக உண்டு. 2009-இல் மத்திய அரசு கொணர்ந்த மத்ரஸாக் கல்வித் தரத் திட்டம், மத்ரஸாக்களை இந்நிறுவனத்தோடு இணைத்துக்கொள்ள ஊக்குவித்தது. திருமணத்தால் படிப்பை நிறுத்திய நம் பெண்மக்களுக்கும் இது திறந்த வாசல். எத்தனை வீடுகளில் இது தெரியும்?

இந்நிறுவனத்துக்கு யுனெஸ்கோவின் கிங் செஜோங் எழுத்தறிவுப் பரிசு 2021-இல் கிடைத்தது. செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்காக இந்தியச் சைகை மொழியில் பாடங்களை உருவாக்கிய பணி அதற்குக் காரணம். பெருமைக்குரிய செய்தி. ஆனால் பரிசு நிறுவனத்துக்கு. ஆய்வு மையத்தில் வார இறுதிகளில் வகுப்பெடுத்து, ஒப்படைப்புகளைத் திருத்தி, சிறு மதிப்பூதியம் பெறுகின்ற கற்பிப்பாளருக்கு என்ன உண்டு?

தேசிய நல்லாசிரியர் விருது 1958-இல் ஏற்பட்டது. நம் வாசகர்களில் பலர் அறியாத ஒரு செய்தி: 1976-இல் இவ்விருதின் வரம்பு விரிவாக்கப்பட்டு, மத்ரஸா ஆசிரியர்களும் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு முன்பே சமஸ்கிருத பாடசாலை ஆசிரியர்கள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். வழக்கமான பள்ளிக்கு வெளியேயும் ஆசிரியர் உண்டு என்று அன்றைய அரசு ஒப்புக்கொண்டது. 2018-இல் விதிகள் மாற்றியமைக்கப்பட்டு, ஆசிரியர் தாமே இணையத்தில் விண்ணப்பிக்கும் முறை வந்தது. சிபாரிசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது நற்செய்தி. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பள்ளிகளின் முறையான ஆசிரியர்களுக்கே அவ்விருது. ஒப்பந்த ஆசிரியர்களுக்கு அதில் இடமில்லை. எந்தெந்த வகைப் பள்ளிகள் என்ற பட்டியலில் திறந்தநிலைப் பள்ளியின் கற்பிப்பாளருக்கென்று ஓர் இடம் காணப்படவில்லை.

1976-இல் ஒரு கதவைத் திறக்க முடிந்ததென்றால், இன்னொரு கதவைத் திறப்பதில் என்ன தடை? ஆண்டுக்கு ஒருவரோ இருவரோ போதும். தேர்வுக் குழுவினர் அவருடைய புகைப்படத்தையும் சான்றிதழ்க் கோப்பையும் பார்ப்பதற்குமுன், அவர் திருத்திய தாள்களில் பத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று படிக்கட்டும். அவரிடம் படித்துத் தோற்ற ஒருவரையும் அழைத்து விசாரிக்கட்டும். தேறியவர் எவரையும் புகழ்வார். அரசுதான் செய்ய வேண்டுமென்பதும் இல்லை. பள்ளிவாசல் மஹல்லா ஜமாஅத்துகள் பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்ற பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பரிசளித்து வருகின்றன. அதே மேடையில், முப்பது வயதில் திறந்தநிலைப் பள்ளியில் தேறிய ஒரு சகோதரியையும் அவருக்குக் கற்பித்தவரையும் அழைத்து அமர்த்தலாமே!

எங்கள் பிள்ளை பத்தொன்பதாம் வயதில் தேறினான். அவன் இனிப்புடன் வந்தபோது, அந்தச் சிவப்பு மையாசிரியருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றான். இருவருமாக ஆய்வு மையத்துக்குச் சென்றோம். தாள்கள் கட்டுக் கட்டாகப் பல ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும் என்றும், எது யாரிடம் சென்றதென்ற பதிவு இல்லையென்றும் கூறினார்கள். சுருக்கொப்பத்தைக் காட்டினோம். அங்கிருந்த அலுவலர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது 'எஸ்' போலவும் இருக்கிறது, 'ஜெ' போலவும் இருக்கிறது" என்றார்.

இனிப்புப் பெட்டியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தோம். அந்த மூன்று தாள்களையும் பிள்ளை தன் குர்ஆன் பிரதி வைத்திருக்கும் அலமாரியில், அதற்குக் கீழ்த் தட்டில் வைத்திருக்கிறான். இப்போது அவன் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதிந்திருக்கிறான்.