லைஃப் கோச் ஆக விருப்பமா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

'கோச்சிங்' என்றதும் நம் வீடுகளில் நீட் பயிற்சி வகுப்புதான் நினைவுக்கு வரும். இப்போது அதே பெயரில் இன்னொரு தொழிலும் பரவி வருகிறது. லைஃப் கோச், எக்ஸிகியூட்டிவ் கோச் என்று அதைச் சொல்கிறார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வீட்டிலிருந்தே சம்பாதிக்க நினைக்கும் பட்டதாரிப் பெண்கள் எனப் பலர் இதில் ஆர்வம் காட்டுகின்றனர். கூடவே, 'இரண்டே நாளில் சான்றிதழ், மாதம் லட்சக்கணக்கில் வருமானம்' என்ற விளம்பரங்களும் கைபேசியில் வந்து விழுகின்றன. சேமிப்பை எடுத்துக் கட்டும் முன், நகையை அடகு வைக்கும் முன், சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

கோச்சின் வேலை என்ன?

மஷூரா கேட்டுப் போனால் பெரியவர்கள் தம் கருத்தைச் சொல்வார்கள். கோச் அப்படிச் சொல்வதில்லை. அவர் கேள்வி கேட்கிறார். முடிவை வந்தவரே எடுக்கிறார்.

இருபது வருடம் துபாயில் கிடங்கு மேற்பார்வையாளராக இருந்த ஒருவர் ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'மொபைல் கடை போடுங்கள்' என்பது ஆலோசனை. 'வீட்டுச் செலவு மாதம் எவ்வளவு? கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்? இத்தனை வருடத்தில் நீங்கள் கற்ற வேலைக்கு இங்கே யார் கூலி தருவார்கள்? அடுத்த வாரம் யாரைப் போய்ப் பார்க்கப் போகிறீர்கள்?' என்று வரிசையாகக் கேட்டு, அவரையே யோசிக்க வைப்பது கோச்சிங்.

இலக்கு, இப்போதைய நிலை, வழிகள், செய்யப் போவது என்ற இந்த நான்கு படிகளைப் பிரபலமாக்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் விட்மோர். 1992-ல் வந்த அவருடைய நூல் இத்துறையினர் பலரும் படிப்பது.

லைஃப் கோச்சிடம் தனிநபர்கள் தாங்களே வருவார்கள். எக்ஸிகியூட்டிவ் கோச்சை பெரும்பாலும் நிறுவனங்கள் தம் மேலாளர்களுக்காக அமர்த்துகின்றன. நிர்வாக அனுபவம் இல்லாதவருக்கு இரண்டாவது கதவு எளிதில் திறக்காது.

உரிமம் உண்டா?

இந்தியாவில் கோச் ஆக அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. யாரும் பலகை மாட்டலாம். எனவே எந்த நிறுவனம் தரும் சான்றிதழும் அரசு அங்கீகாரம் ஆகாது.

உலக அளவில் அதிகம் மதிக்கப்படுவது, 1995-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். என்ற சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் தகுதிச் சான்று. அதில் மூன்று நிலைகள் உள்ளன:

- ஏ.சி.சி.: 60 மணி நேரப் பயிற்சி, 100 மணி நேர கோச்சிங் அனுபவம்
- பி.சி.சி.: 125 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேர அனுபவம்
- எம்.சி.சி.: 200 மணி நேரப் பயிற்சி, 2,500 மணி நேர அனுபவம்

இவற்றோடு, மூத்த கோச் ஒருவரிடம் 10 மணி நேரம் வழிகாட்டல் பெற வேண்டும். தேர்வும் எழுத வேண்டும். அனுபவ மணி நேரத்தில் பெரும்பகுதி கட்டணம் பெற்றுச் செய்ததாக இருக்க வேண்டும். கட்டணம் சிறிய தொகையாக இருந்தாலும் போதும். பயிற்சியில் சேரும் முன் செய்த மணி நேரங்கள் கணக்கில் வராது. இரண்டு நாள் வகுப்பு இதில் எங்கே நிற்கிறது என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

உதாரணத்துக்கு, புதுச்சேரியின் வட எல்லையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கனகசெட்டிக்குளத்தை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் கணபதிச்செட்டிக்குளத்தில் பிம்ஸ் மருத்துவக் கல்லூரி, சற்றுத் தெற்கே காலாப்பட்டில் 1985-ல் தொடங்கப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம், அதையடுத்து பிள்ளைச்சாவடியில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். படிப்பு முடித்து அடுத்து என்ன என்று திகைக்கும் இளைஞர்கள், வெளிநாடு போகலாமா என்று யோசிக்கும் செவிலியர்கள் எனப் பலர் பேருந்தில் போய்ப் பார்க்கும் தூரத்திலேயே இருக்கிறார்கள்.

ஆனால் 'எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் கோச்' என்று பலகை வைத்தால் யாரும் வரமாட்டார்கள். உங்களுக்குத் தெரிந்த துறையிலிருந்து தொடங்குங்கள். செவிலியராக இருந்தவர் செவிலியர்களுக்கு, வங்கியில் இருந்தவர் சிறு வணிகர்களுக்கு. பெண்களிடம் மட்டுமே மனம் திறந்து பேசும் பெண்கள் நம்மில் நிறைய இருப்பதால், பெண் கோச்சுகளுக்குத் தனி இடம் உண்டு. இணையவழியில் செய்தால் வாடகைச் செலவும் இல்லை.

இருக்கும் வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். வாரம் இரண்டு பேர் வந்தால், 100 மணி நேரம் முடிய ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும்.

மீறக்கூடாத எல்லைகள்

கோச் மருத்துவர் அல்லர். தூக்கமின்மை, நீடித்த சோகம், சாகத் தோன்றும் எண்ணம் ஆகியவற்றோடு வருபவரை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-ஐ இலவசமாக அழைக்கலாம். 'நானே பேசிச் சரிசெய்துவிடுவேன்' என்று வைத்துக்கொள்வது உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்தது ரகசியம். வந்தவர் சொன்னது அமானிதம். ஒரே தெருவில், ஒரே சொந்தத்துக்குள் வாழும் நமக்கு இதுதான் கடினமான சோதனை. ஒரு வார்த்தை கல்யாண வீட்டில் வெளியானால் அந்தக் குடும்பமும் உடையும், உங்கள் தொழிலும் முடியும். நெருங்கிய உறவினர்களுக்கு கோச்சாக இருப்பதைத் தவிர்ப்பதே நல்லது. நிறுவனம் கட்டணம் தருவதாக இருந்தால், ஊழியர் பேசியதில் எது முதலாளிக்குப் போகும், எது போகாது என்பதை முதல் நாளே எழுத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

- இந்தப் பயிற்சிக்கு ஐ.சி.எஃப். அங்கீகாரம் உண்டா? (ஐ.சி.எஃப். இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள்)
- நேரடி வகுப்பு எத்தனை மணி நேரம்? பதிவு செய்த வீடியோ எவ்வளவு?
- நான் கோச்சிங் செய்வதைப் பார்த்துத் திருத்துபவர் யார்?
- இங்கே படித்து, இன்று இத்தொழிலிலேயே சம்பாதிக்கும் மூவரிடம் நான் பேசலாமா?

கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.