கீழே கிடந்த பொருளும் அமானிதம்தான்

ஆட்டோவில் பயணி மறந்துவிட்டுப் போன நகைப் பையை ஓட்டுநர் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். குப்பையோடு வந்த தங்கச் சங்கிலியைத் தூய்மைப் பணியாளர் உரியவரிடம் சேர்த்தார். இதுபோன்ற செய்திகளை அவ்வப்போது படிக்கிறோம். ‘இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா!’ என்று வியந்து நாலு பேருக்கு அனுப்பியும் வைக்கிறோம். அந்த வியப்புக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. முன்பின் தெரியாதவர் கையில் சிக்கிய பொருள் திரும்பி வராது என்பதே அது. இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி?

17,303 பர்ஸ்கள் சொன்ன செய்தி

இதை அறிய ஆய்வாளர்கள் சிலர் 40 நாடுகளில், 355 நகரங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். இந்தியாவும் அதில் ஒன்று. வங்கி, தபால் நிலையம், ஹோட்டல், திரையரங்கு போன்ற இடங்களுக்குப் போய், “இது தெருவில் கிடந்தது, எனக்கு அவசரம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு பர்ஸைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். இப்படிக் கொடுத்தவை மொத்தம் 17,303. பர்ஸுக்குள் உரிமையாளரின் பெயரும் மின்னஞ்சலும் உள்ள அட்டைகள், மளிகைப் பட்டியல், ஒரு சாவி இருந்தன. சிலவற்றில் கொஞ்சம் பணமும் இருந்தது. சிலவற்றில் பணமே இல்லை. 2019-ல் சயின்ஸ் இதழில் முடிவுகள் வெளியாயின.

பணம் இருந்தால் ஆசை வந்து எடுத்துக்கொள்வார்கள் என்றுதான் பலரும் கணித்தார்கள். பொருளாதார வல்லுநர்களின் கணிப்பும் பொய்த்தது. பணம் இல்லாத பர்ஸ்களில் 40 சதவீதத்துக்குத்தான் உரிமையாளருக்குத் தகவல் வந்தது. பணம் இருந்தவற்றில் அது 51 சதவீதம். அமெரிக்கா, பிரிட்டன், போலந்து ஆகிய மூன்று நாடுகளில் பணத்தை ஏழு மடங்காக்கிப் பார்த்தபோது 72 சதவீதமாக உயர்ந்தது. இழந்தவர் மீதான இரக்கமும், தன்னைத் திருடனாகப் பார்க்க மனம் ஒப்பாததும் இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பணம் இல்லாத பர்ஸில் திருட என்ன இருக்கிறது? ஆனாலும் 60 சதவீதம் பேர் ஒரு வரி தகவல் அனுப்பவில்லை. அவர்களைத் திருடர்கள் என்று சொல்ல முடியாது. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று மேசைக்குள் போட்டவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். தொலைந்த பொருள் திரும்பாமல் போவதற்குப் பேராசையைப் போலவே அசட்டையும் ஒரு காரணம். பறிகொடுத்தவருக்கோ இரண்டும் ஒன்றுதான்.

பையையும் கயிற்றையும் கவனியுங்கள்

கண்டெடுத்த பொருளை மார்க்கச் சட்டத்தில் ‘லுக்தா’ என்பார்கள். இதுபற்றி ஒருவர் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தெளிவான நடைமுறையைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பொருள் இருந்த பை எப்படிப்பட்டது, அதைக் கட்டியிருந்த கயிறு எப்படிப்பட்டது என்பதை முதலில் நன்றாக அறிந்துகொள்ள வேண்டும். பிறகு ஓராண்டு அறிவிப்புச் செய்ய வேண்டும். உரியவர் வந்தால் கொடுத்துவிட வேண்டும். வழிதவறிய ஒட்டகத்தைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அதை விட்டுவிடும்படி சொன்னார்கள். அதற்குக் கால்களும் உண்டு, தண்ணீரைத் தாங்கும் வயிறும் உண்டு; உரியவர் அதைக் கண்டுபிடித்துக்கொள்வார். ஆட்டின் நிலை அப்படியல்ல. விட்டுவிட்டால் ஓநாய்க்கு இரையாகலாம். ஸைத் பின் காலித் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

இருக்கும் இடத்திலேயே பத்திரமாக இருக்கும் பொருளை அங்கிருந்து எடுத்துச் செல்லத் தேவையில்லை. விட்டால் அழிந்துவிடும் பொருளைக் காப்பாற்ற வேண்டும் என்பதே இதன் கருத்து. ஹோட்டல் மேசையில் யாரோ மறந்து வைத்த மொபைலை நாம் வீட்டுக்குக் கொண்டுவந்தால், தேடி வருபவர் ஏமாந்து திரும்புவார். அங்கேயே கல்லாவில் பொறுப்பானவரிடம் கொடுப்பது மேல்.

கண்டெடுத்ததை மறைக்காமல் நேர்மையானவர் ஒருவரையோ இருவரையோ சாட்சியாக வைத்துக்கொள்ளவும் ஹதீஸில் வழிகாட்டல் உண்டு. நாளை நம் மனமே மாறாமல் இருக்க அது ஒரு கடிவாளம். நாம் திடீரென மவ்த்தாகிவிட்டால், அது அடுத்தவர் பொருள் என்று நம் வாரிசுகளுக்கும் தெரிய வேண்டுமல்லவா?

எங்கே அறிவிப்பது?

தொலைந்த பொருளைப் பள்ளிவாசலுக்குள் அறிவித்துத் தேடுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள்; பள்ளிகள் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. அப்படியானால் மக்களுக்கு எப்படித் தெரிவிப்பது? ஷாம் தேசத்துப் பாதையில் 80 தீனார்கள் கொண்ட பையைக் கண்டெடுத்த ஒருவர் உமர் (ரலி) அவர்களிடம் சொன்னார். பள்ளிகளின் வாசல்களில் அறிவிக்கும்படியும், ஷாமிலிருந்து வருவோரிடமெல்லாம் சொல்லும்படியும் உமர் (ரலி) கூறியதாக இமாம் மாலிக்கின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. மக்கள் கூடும் இடத்திலும், இழந்தவர் வரக்கூடிய வழியிலும் தேட வேண்டும் என்பது இதிலிருந்து புரிகிறது.

ஓராண்டு என்பது மதிப்புள்ள பொருளுக்கு. யாரும் தேடி வராத அற்பப் பொருளுக்கு அது தேவையில்லை என்பது அறிஞர்களின் விளக்கம். காலம் முடிந்த பிறகும் உரியவர் வராவிட்டால், எடுத்தவர் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. அவர் ஏழையாக இருந்தால் பயன்படுத்தலாம், வசதியுள்ளவர் தர்மம் செய்துவிட வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹப். பின்னால் உரியவர் வந்து கேட்டால் அவருடைய உரிமை போய்விடாது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

இன்று நாம் செய்ய வேண்டியது

பையும் கயிறும் பற்றிய வழிகாட்டல் வாட்ஸ்அப் காலத்துக்கு அப்படியே பொருந்துகிறது. மோதிரம் கிடைத்தால் அதைப் படம் எடுத்துக் குழுவில் போடாதீர்கள். யார் வேண்டுமானாலும் அடையாளம் சொல்லிவிடுவார்கள். ‘இந்தத் தெருவில் ஒரு நகை கிடைத்தது, அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்’ என்பது போதும். ஆதார் அட்டை கிடைத்தால் எண் தெரியும்படி பரப்பக் கூடாது. வங்கி அட்டை என்றால் அதன் பின்புறம் உள்ள எண்ணுக்கு அழைத்துச் சொல்லலாம். பாஸ்போர்ட் அரசாங்கத்தின் சொத்து. அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். மொபைல் கிடைத்தால் அணைத்து வைக்காதீர்கள், உரியவர் அழைப்பார்.

நம் வங்கிக் கணக்குக்கு யாராவது தவறுதலாகப் பணம் அனுப்பிவிட்டால் அதுவும் நம் பணமல்ல. ஆனால் இந்தப் பெயரில் மோசடியும் நடக்கிறது. போனில் கேட்பவருக்கு உடனே அனுப்பாமல், பணம் உண்மையில் வந்ததா என்று பார்த்து, வங்கி மூலமாகவே திருப்பிக் கொடுங்கள்.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. உரியவரைக் கண்டறிய நியாயமான முயற்சி எடுக்காமல், போதிய காலம் காத்திராமல் கண்டெடுத்ததைத் தனதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 314-வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ரயிலில் பயணிகள் விட்டுச் சென்ற உடைமைகளை மீட்டு ஒப்படைக்கும் பணிக்கு ரயில்வே பாதுகாப்புப் படை வைத்திருக்கும் பெயர் ‘ஆபரேஷன் அமானத்’. நாம் தினமும் புழங்கும் அதே சொல்தான்.

பொருளை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நேர்மையின் பாதிதான். அதை உரியவர் கையில் சேர்க்கும்வரை அலைவது மீதிப் பாதி. நம் வீட்டு அலமாரியிலும் என்றோ கண்டெடுத்த ஒரு சாவி, ஒரு சான்றிதழ், யாரோ விட்டுப்போன ஒரு பை இருக்கக்கூடும். மதிப்பில்லாதது என்று நாம் நினைக்கும் அதைத் தேடி ஒருவர் இன்னும் தவித்துக்கொண்டிருக்கலாம். இன்றே பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை வெளியே எடுங்கள். உரியவரைத் தேடும் வேலையில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமானிதத்தைப் பற்றி நூறு முறை சொல்வதைவிட ஒருமுறை செய்து காட்டுவது அவர்கள் மனதில் நிற்கும். அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக.