கோழித் தீவனத்தில் மருந்து கலக்கலாமா?

ஓசூர், சூளகிரி, தளி பகுதிகளில் கறிக்கோழி வளர்ப்போர் பலர் உள்ளனர். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்க, கொட்டகையும் உழைப்பும் தம்முடையதாகக் கொண்டு ஒப்பந்த முறையில் வளர்ப்போரும் உண்டு. எம்முறையில் வளர்த்தாலும், தீவனத்தில் என்ன கலந்துள்ளது என்பதைப் பண்ணையாளர் அறிந்திருப்பது அவசியம்.

நோயில்லாத கோழிக்கும் தினமும் சிறிதளவு ஆன்டிபயாடிக் மருந்தைத் தீவனத்தில் கொடுத்தால் எடை கூடும் என்று 1950 வாக்கில் அமெரிக்காவில் கண்டறிந்தனர். இப்பழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. ஆனால் சிறிய அளவு மருந்தால் வலுவற்ற கிருமிகளே மடிகின்றன. மருந்தைத் தாங்கியவை பிழைத்துப் பெருகுகின்றன. முட்டைக்கோசில் ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் வைரமுதுகுப் பூச்சி அதற்குச் சாவதில்லை அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

இத்தகைய கிருமிகள் கோழியின் எச்சம், எரு, வேலை செய்வோர் கை ஆகியவற்றின் வழியே மனிதரையும் அடையும். பிறகு நமக்கு நோய் வந்தால் அதே மருந்து பலிக்காது.

கொலிஸ்டின் என்ற மருந்து இதற்கு நல்ல உதாரணம். வேறு மருந்து எதுவும் பலிக்காத நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கொடுப்பது இது. இதை எதிர்க்கும் தன்மை ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது என்பது 2015-ல் சீனாவில் தெரியவந்தது. பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் அத்தகைய கிருமிகள் காணப்பட்டன. நம் நாட்டில் கோழி, கால்நடை, மீன் வளர்ப்புக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது.

பண்ணையாளர் செய்ய வேண்டியவை:

1. தீவன மூட்டையின் சீட்டைப் படிக்கவும். விவரம் இல்லையெனில் கம்பெனி மேற்பார்வையாளரிடம் கேட்கவும்.

2. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். அதை ஆன்டிபயாடிக் குணப்படுத்தாது. உரிய காலத்தில் தடுப்பூசி போடுவதே வழி.

3. கொட்டகையில் கூளத்தைக் கிளறி, ஈரமின்றி வைக்கவும். வாசலில் கிருமிநாசினித் தொட்டி அமைக்கவும்.

4. கால்நடை மருத்துவர் சொன்னால் மட்டுமே மருந்து கொடுக்கவும். சொன்ன நாள் வரை முழுமையாகக் கொடுக்கவும். அவர் குறிப்பிடும் இடைவெளி கழியும் முன் கோழியை விற்க வேண்டாம்.

5. பச்சை எருவைக் காய்கறி நிலத்தில் இடாமல், குவித்து நன்கு மக்கிய பின் இடவும். கிருமிகள் பெருமளவு குறையும்.

ஐயங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, மத்திகிரியிலுள்ள கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியையோ அணுகலாம். தீவனத்தில் வீணாகும் மருந்து, நாளை நம் வீட்டுப் பிள்ளைக்குத் தேவைப்படும் மருந்து என்பதை மறக்கலாகாது.