வம்சத்தில் ஓடுமா பைபோலார்?

பாளையங்கோட்டைப் பக்கம் கல்யாணப் பேச்சு முறிய நகையும் ஜாதகமும்தான் வேண்டும் என்பதில்லை. "பொண்ணுக்குச் சித்தப்பா ஒருத்தருக்குக் கிறுக்கு உண்டாம்லா" என்று யாராவது காதில் போட்டாலே போதும். அந்தச் சித்தப்பா ஒரு மாதம் உறங்காமல் கடன் வாங்கி வியாபாரம் தொடங்குவார், ஊருக்கெல்லாம் விருந்து வைப்பார். பிறகு சில மாதம் கட்டிலை விட்டே எழமாட்டார். குற்றாலத்து அருவியில் தலையைக் காட்டினால் தெளியும் என்று ஒரு காலத்தில் கூட்டிப்போனார்கள். டாக்டர்கள் இதை இருமுனை மனநோய், பைபோலார் என்கிறார்கள்.

இது குடும்பத்தில் ஓடுமா? ஓடும். ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு இந்த நோய் வரலாம். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு இருந்தால் அது 5 முதல் 10 பேர் வரை ஆகும். அப்படிப்பட்ட வீட்டிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. சித்தப்பா, மாமா என்று உறவு விலக விலக வாய்ப்பு இன்னும் குறையும். ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வரும் வாய்ப்பு 40 முதல் 70 சதவீதம்தான். மரபணு மட்டுமே காரணம் என்றால் அது நூறாக அல்லவா இருக்க வேண்டும்?

பைபோலாருக்கென்று தனியாக ஒரு மரபணு இல்லை. 2025இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் மரபணுக்களை அலசி, நோயோடு தொடர்புள்ள 298 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் துளியளவுதான். அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் குடும்பங்களின் கதை வேறாகவும் இருக்கலாம்: தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. இங்கும் ஆய்வு நடக்கிறது: பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில், ஒரே குடும்பத்தில் பலர் மனநோய்க்கு ஆளானவர்களின் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்களை உருவாக்கி ஆராய்ந்துவருகிறார்கள்.

வம்சாவளியாக வருவது நோயல்ல, நோய்க்கு இடம் கொடுக்கும் தன்மை. அதைத் தூண்டிவிடுபவை வேறு: தொடர்ந்து கெடும் தூக்கம், கஞ்சா, பிரசவம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவரும் தாய்வீட்டார் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குழந்தை பிறந்த முதல் வாரங்களில் அவள் உறங்காமல், ஓயாமல் பேசினால் பார்வைதோஷம் என்று திருநீறு பூசிக் காத்திருக்கக் கூடாது.

குடும்ப வரலாறு தரகரைவிட டாக்டருக்கே அதிகம் தேவை. காரணம் மருந்தில் இருக்கிறது. பைபோலார் பலருக்கும் முதலில் வெறும் மனச்சோர்வாகத்தான் தலைகாட்டும். அப்போது சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு நோய் மறுமுனைக்குத் தாவிவிடும். "எங்கப்பாவுக்கும் இப்படி வரும், ஆனா அவரு சில மாசம் துள்ளிக்கிட்டுத் திரிவாரு" என்று மகன் சொல்லும் ஒரு வரி சிகிச்சையையே மாற்றும். அப்பாவுக்கு லித்தியம் என்ற மருந்து நன்றாகக் கேட்டிருந்தால் பிள்ளைக்கும் கேட்க வாய்ப்பு அதிகம்.

வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்ததென்றால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமென்றால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.